பின்வரிசையில் வலது ஓரம்

கடைக்குள் வந்ததும் அவர் முதலில் பார்ப்பது சுவரை. மீட்டரை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். இத்தனைக்கும் கரண்டு மீட்டர் பார்ப்பதுதான் அவருக்கு உத்தியோகம். மாதம் ஒருமுறை எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் வீடு வீடாக, கடை கடையாக ஏறி இறங்குவார். காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை, கையில் நீளமான டார்ச் லைட். அந்த டார்ச்சை மீட்டர் மேல் அடித்ததைவிட ஊரார் சுவரில் தொங்கும் படங்கள் மேல் அடித்ததுதான் அதிகம். கல்யாணப் படத்தையும் சாமி படத்தையும் தாண்டிக்கொண்டு வெளிச்சம் போகும். எங்காவது பழைய கால்பந்தாட்டப் படம் ஒன்று தட்டுப்பட்டால் அங்கேயே நின்றுவிடும்.

"அக்கா, இந்தப் படம் உங்களுக்கு வேணுமா?" என்று கேட்பார். முகம் தெரியாத வீட்டில், செருப்பைக் கழற்றி இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சிலர் கொடுத்துவிடுவார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிடுவார்கள். நாய் கடித்த தழும்பு இரண்டு அவர் காலில் இருந்தது. பேண்ட்டைத் தூக்கிக் காட்டி, "இது ஸ்காட் ரோட்டு டீம் படம், இது பங்சார் டீம் படம்" என்பார். என்ன மனுஷனோ!

என் கடை படத்துக்கு பிரேம் போடும் கடை. அப்பா வைத்தது, அவருக்குப் பிறகு என் தலையில் விழுந்தது. சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், இவற்றில்தான் எனக்குச் சோறு. எழுபதுகளின் நடுவில் இவரும் வந்து சேர்ந்தார். கொண்டுவருவதெல்லாம் ஒரே அணியின் படம்தான். எங்கள் மாநிலத்தின் சிவப்பு மஞ்சள் சட்டைக்காரர்கள். செய்தித்தாளில் வெட்டியது, யாரோ ஸ்டுடியோவில் எடுத்தது, பூஞ்சை பிடித்தது, கரையான் பாதி தின்றது. படம் மட்டுமா? ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின் வைத்திருந்தார். அதில் கிழிந்த டிக்கெட்டுகள், ஆட்ட நோட்டீஸ்கள், தற்காப்பில் ஆடிய யாரோ ஒரு பேக் ஆட்டக்காரரின் பூட்ஸிலிருந்து கழன்ற ஆணி, ஒரு ஜெர்சி பட்டன். பட்டனைப் பஞ்சில் சுற்றி வைத்திருப்பார்.

"இந்த பட்டனை என்னாண்ணே பண்றது? தைக்கவா?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, உனக்கு வாய் இருக்கே, அதுக்கே ஒரு பிரேம் போடணும் லா" என்றார்.

அவர் படங்களுக்கு இரண்டு சட்டம் உண்டு. ஒன்று, டீம் படத்தை வெட்டக் கூடாது. ஓரம் எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி, ஓர் ஆளின் தோள் முனைகூட பிரேமின் உள் அட்டைக்கு அடியில் மறையக் கூடாது. நான் ஒருமுறை அளவு தப்பி, கடைசியில் நின்ற ஆட்டக்காரரின் முழங்கையை மறைத்துவிட்டேன். பிரித்துத் திரும்பப் போட வைத்தார். "ஓரத்துல நிக்கிறவனை வெட்டுறது சுலபம். அவனும் ஆடினவன்தானே?" என்றார். அப்போது அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. நான்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று, பொட்டு. பழைய ஆட்டக்காரர் ஒருவர் இறந்தார் என்று கேள்விப்பட்டால் வீட்டிலிருந்து சந்தனம் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் எடுத்து வருவார். படத்தில் அந்த ஆளின் நெற்றிக்கு நேராகக் கண்ணாடி மேல் கடுகளவு ஒரு பொட்டு வைப்பார். நம்மவர்களுக்கு மட்டும்தான். மலாய்க்காரர், சீனர் என்றால், "அவங்க முறை வேற, நாம சந்தனத்த அப்பக் கூடாது" என்று சொல்லிவிட்டு, டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பார். "மாலையா போட்டுடலாமேண்ணே" என்றேன் ஒருநாள். பதறிவிட்டார். "படத்துல பாதிப் பேரு உயிரோட இருக்காங்க. அவங்க கழுத்துலயும் சேர்த்தா மாலை போடுவ?"

இவ்வளவும் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். மழை பிடித்துக்கொண்டு அவரால் வெளியே போக முடியாத மத்தியானம் அது. அன்றுதான் சொன்னார். "நானும் ஆடினேன், தங்கச்சி."

அவருக்கு இருபது வயதில் அவருடைய அப்பா இறந்துபோனார். ரயில்வேயில் தண்டவாள வேலை. இவர் மூத்த மகன். கொள்ளி வைத்து மொட்டை அடித்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் சைக்கிளில் ஆள் வந்தது. அணியின் ரைட் விங் ஆட்டக்காரருக்குக் கால் முறிந்துவிட்டது, சாயந்திரம் ஆட்டம், உடனே வா என்று. வட்டார ஆட்டங்களில் இவர் ஓடுவதை யாரோ பார்த்து வைத்திருந்தார்கள். பதினாறு கழியாத வீடு. அம்மா வாசலை மறித்துக்கொண்டு அழுதார். இவர் பின்பக்கமாகப் போய்விட்டார். ஆட்டத்துக்கு முன் அணியை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். அதில் இவரும் நின்றார்.

"திரும்பி வந்தேன். அம்மா கற்பூரத்தை ஏத்தி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. இனிமே பந்தைத் தொட மாட்டேன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னாங்க. பண்ணேன். தான் உயிரோட இருக்கிற வரைக்கும் இதை யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க. அதுக்கும் பண்ணேன். ஊருக்கு, மகன் ஒரு வேலையா சிரம்பான் போயிருந்தான்னு சொல்லிட்டாங்க. தம்பி அப்ப சின்னப் பையன், அவனுக்கும் அதேதான்."

அம்மா போய்ச் சேர இருபது வருஷம் ஆயிற்று. அதுவரை இவர் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறந்தபோது ஒருவரும் நம்பவில்லை. தொப்பை வைத்த மீட்டர்காரர், நான் மாநிலத்துக்கு ஆடினேன் என்றால் கோப்பிக் கடையில் என்ன செய்வார்கள்? சிரித்தார்கள். "நானும்தான் பிரதம மந்திரியா இருந்தேன், அண்ணே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

"நீங்க அன்னிக்கு கோல் அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. ஒரு கார்னர் கிக் எடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பந்து நல்லா போச்சு. யாரும் தலை வைக்கல."

பொய் சொல்கிறவன் ஒரு கோலாவது அடித்திருக்க மாட்டானா? இது அன்றைக்கு என் மரமண்டைக்கு ஏறவில்லை.

ஊர் சிரித்தது அவருக்கு வலிக்கவில்லை. வலித்தது வேறு. அவருடைய ஒரே மகன் பள்ளிக்கூடத்தில், எங்கப்பா ஸ்டேட் டீமுக்கு ஆடினவர் என்று சொல்லியிருக்கிறான். பையன்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் அப்பாக்களிடம் கேட்டுவிட்டு வந்து, மறுநாள் அவனை ஓட ஓடக் கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். அன்றிலிருந்து அவன் அப்பாவோடு அந்தப் பேச்சே பேசுவதில்லை. பிஸ்கட் டின்னை மேசையில் வைத்தால் எழுந்து போய்விடுவானாம். "ஊரு நம்பாட்டி போவுது. அந்தப் படம் கிடைச்சா என் பையன்கிட்ட ஒரே ஒரு தடவை காட்டணும். அது போதும், தங்கச்சி." மழை விட்ட பிறகும் அவர் உட்கார்ந்தே இருந்தார்.

அந்தப் படத்துக்காகத்தான் ஊரார் சுவரிலெல்லாம் டார்ச் அடித்தது. தேடப் போன இடத்தில் கிடைத்த மற்ற படங்களை விட்டுவர மனசு வராமல் சேர்த்துக்கொண்டே போனார். ஆட்களையும் தேடினார். அன்றைக்கு ஆடிய கோல்கீப்பர் பந்திங்கில் இருக்கிறார் என்று தெரிந்து, லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார். கண் மங்கிப்போன அந்தப் பெரியவர் யோசித்து யோசித்து, "மொட்டையா ஒரு பையன் வந்தான், நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா அது நீதான்னு நான் எப்படிப்பா சொல்றது?" என்றாராம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் மீட்டர்காரரின் தலைமுடி பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்கப் பேர் போனது. சுருட்டை சுருட்டையாக, நெற்றி ஓரத்தையும் காதையும் மூடி, எண்ணெய் மினுங்க இருக்கும். அம்மா இறந்தபோதுகூட முறைப்படி கடைசி மகன்தான் கொள்ளி வைத்து மொட்டை போட்டார். அதனால் அந்த ஒரு தடவைக்குப் பிறகு இவர் தலையை இவர் மனைவிகூட வெறுமையாகப் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவரைக் கிள்ளானுக்கு மாற்றினார்கள். புதுச் சுவர்கள் கிடைத்தன என்று சந்தோஷமாகப் போனார். என் கடை மீட்டரைப் பார்க்க வேறு ஆள் வந்தாலும் இவர் மாதம் தவறாமல் வந்து போனார். ஒருநாள் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"தங்கச்சி, கிடைச்சிருச்சு!"

கிள்ளான் பாசார் சந்தைக்குப் பின்னால் ஒரு சீனர் கோப்பிக் கடை. அடுப்பங்கரையில் மீட்டர் பெட்டிக்கு மேலே புகை படிந்து கறுத்த ஒரு படம். கைக்குட்டையை நனைத்துத் துடைத்திருக்கிறார். சட்டைக் கோடுகள் தெரிந்தன. அப்புறம் முகங்கள். கடை முதலாளியான தவுக்கே படத்தைக் கொடுக்க மாட்டேன் என்றார். படத்தின் மேல் அவருக்கு ஆசை ஒன்றுமில்லை. "டிண்டிங் கோசோங் லா" என்றாராம். படத்தை எடுத்தால் சுவர் காலியாகிவிடுமாம், அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியுமாம். அதே அளவில் வேறு படம் கொண்டுவந்தால் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். இவர் நூலால் அளந்துகொண்டு வந்திருந்தார். எட்டுக் குதிரை ஓடும் காலண்டர் படம் ஒன்றை அந்த அளவுக்கே பிரேம் போட்டுக் கொடுத்தேன். மூன்றாம் நாள் குதிரைகள் கிள்ளானுக்குப் போயின, படம் என் கடைக்கு வந்தது.

மகனையும் கூட அழைத்து வந்திருந்தார். அவனுக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்பாவைப் போலவே காதை மூடிய சுருட்டை முடி. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று நின்றான்.

"வாசல்லயே நிக்காத, உள்ள வா. ஆன்டி தினமும் நூறு முகம் பார்க்கிறவங்க. அவங்க சொல்லட்டும்." இவர் படத்தை மேசையில் வைத்து டார்ச்சை அடித்தார். முன்வரிசையில் ஐந்து பேர் முட்டி போட்டிருந்தார்கள். பின்வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். வலது ஓரத்தில் மொட்டைத் தலையோடு ஒல்லியாக ஒரு பையன். காது இரண்டும் விடைத்துக்கொண்டு, இடது நெற்றிப் பொட்டில் ஒரு பள்ளத்தோடு, திருடிவிட்டு நிற்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் பெயர்கள் அச்சடித்திருந்தன. அந்த இடத்தில் கால் முறிந்த ஆட்டக்காரரின் பெயர்தான் இருந்தது. பெயர்ப் பட்டியல் முன்னமே தயாராகிவிட்டதாம்.

நான் படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். மறுபடி படத்தைப் பார்த்தேன். எனக்கு முகம் பார்க்கத் தெரியும் என்ற திமிர் எனக்கு நிறைய உண்டு. ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். அந்த மனுஷனுடைய கண்ணைப் பார்த்தாவது வாயைக் கட்டியிருக்கலாம்.

"இது நீங்க இல்லண்ணே. இவன் வேற ஆளு. பேரும் வேறயாத்தானே போட்டிருக்கு?"

மகன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய் மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்தான். இவர் டார்ச்சை அணைத்தார். பட்டனை அழுத்துவதற்குள் கை இரண்டு தடவை வழுக்கியது. அந்தக் கையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"பிரேம் போட்டு இங்கேயே மாட்டி வெச்சிடு, தங்கச்சி. வீட்டுக்கு வேணாம்" என்றார்.

கல்லாவுக்குப் பின்னால் என் தலைக்கு மேலே அதை மாட்டினேன். அவர் வருவதை நிறுத்தவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. மாதம் ஒருமுறை வந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். நடுவில் அந்த அணியில் இரண்டு தமிழர்கள் காலமானார்கள். இரண்டு சந்தனப் பொட்டு விழுந்தது. எனக்கு மனசு உறுத்தும். உறுத்தினால் கிண்டல் பண்ணுவது என் கெட்ட பழக்கம்.

"ஏண்ணே, ஒரு தடவை மொட்டை போட்டுட்டு வாங்களேன். பக்கத்துல வெச்சுப் பார்த்து ஒரே அடியா கன்ஃபர்ம் பண்ணிடலாம்."

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "அது எங்கப்பாவுக்கு போட்ட மொட்டை. உன்கிட்ட காட்டுறதுக்கா திரும்பப் போடுவேன்?" என்றார். அப்புறம் தணிந்த குரலில், "முருகனுக்கு வேண்டிக்கிட்டுப் போட்டுட்டு வரலாம்தான். ஆனா உள்ளுக்குள்ள எதுக்குப் போட்டேன்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே?" என்றார். 

அவர் இறந்துபோனது தொண்ணூறுகளின் ஆரம்பத்தில். பென்ஷன் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெஞ்சுவலி. நான் அந்த வாரம் மகள் பிரசவத்துக்காக ஈப்போ போயிருந்தேன். சாவுக்குப் போக முடியவில்லை. திரும்பி வந்து கடையைத் திறந்து இரண்டு நாள் இருக்கும். மத்தியான வெயிலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

அவருடைய மகன்தான். எட்டு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் என் கடைப் படி ஏறினான். கையில் ஓர் உறை. "ஆன்டி, அப்பாவோட பென்ஷன் ஃபோட்டோ. கருமாதிக்குப் பெருசு பண்ணி பிரேம் போடணும்" என்று சொல்லிக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றினான்.

அப்பாவுக்கு அடித்த மொட்டை. முடி இப்போதுதான் அரும்புகிற தலை. விடைத்த காதுகள். இடது நெற்றிப் பொட்டில் ஒரு பள்ளம்.

என் கையிலிருந்து அளவுகோல் விழுந்தது. ஐயோ என்று கத்திவிட்டேன் போலிருக்கிறது. "என்னாச்சு ஆன்டி?" என்று அவன் பதறினான்.

"அங்கேயே நில்லு தம்பி, அசையாத" என்றேன். ஸ்டூலைப் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். விற்பனைக்கு வைத்திருந்த பெரிய முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் அவனை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தி, அவன் தோளுக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்தேன்.  அவன் கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மெல்லத் தன் கையைத் தூக்கி நெற்றிப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"அப்பா" என்றான்.

வெளியே லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. யாரோ வண்டியைக் குறுக்கே விட்டிருந்தார்கள். 

"அன்னிக்கு நீங்க இது அப்பா இல்லன்னு சொன்னீங்க" என்றான்.

"சொன்னேன் தம்பி. என் வாய்ல புழு வைக்க."

"நானும் அதையே நம்பிட்டேன்." சொல்லிவிட்டு அவன் என் கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். இருபத்தெட்டு வயசுப் பிள்ளை, படத்தை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். எனக்கு மட்டும் என்ன? நானும் அழுதேன். வந்த வாடிக்கையாளர் ஒருவர், சாவு வீட்டுக்காரர்கள் போலிருக்கிறது என்று படியிலேயே திரும்பிப் போய்விட்டார்.

பென்ஷன் ஃபோட்டோ வேண்டாம் என்றான். "இதுல அப்பாவை மட்டும் வெட்டிப் பெருசாக்க முடியுமா?"

"முடியும். ஆனா டீம் படத்தை வெட்டக் கூடாதுன்னு உங்கப்பா சட்டம் போட்டிருக்காரு."

"அப்ப முழுசா இருக்கட்டும் ஆன்டி."

பதினாறாம் நாள் அந்த முழுப் படமும் அவர்கள் வீட்டு ஹாலில், ஸ்டூலில் விரித்த வெள்ளைத் துணி மேல் நின்றது. சொந்தக்காரர்கள், கூட வேலை பார்த்தவர்கள், கோப்பிக் கடையில் சிரித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், பக்கத்தில் வேட்டியோடு நின்ற மகனைப் பார்த்தார்கள். மறுபடி படத்தைப் பார்த்தார்கள்.

அவருடைய தம்பி ரோஜா மாலையோடு முன்னால் வந்தவர், படத்துக்கு அருகில் தயங்கி நின்றார். "என்னாப்பா இது? இத்தனை பேரு இருக்காங்க. உயிரோட இருக்கிறவங்களுக்கும் சேர்த்தா மாலை போடுறது? பாவம் லா."

சடங்கு செய்ய வந்த அய்யரும் யோசித்தார்.  நான் கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருந்த இரண்டு பொட்டையும் மகனுக்குக் காட்டினேன். "உங்கப்பா முறை இதுதான் தம்பி" என்றேன்.

அவன் கிண்ணத்தில் இருந்த சந்தனத்தில் விரலைத் தொட்டான். பின்வரிசையில் வலது ஓரம், மொட்டைத் தலைக்குக் கீழே, விடைத்த காதுகளுக்கு நடுவே, கடுகளவு வைத்தான்.

அவருடைய தம்பி படத்துக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தார். மாலை அவர் கையில் அப்படியே தொங்கியது.

"அண்ணன் அன்னிக்கு சிரம்பான் போயிருந்தாருன்னுதானே அம்மா சொன்னாங்க?" என்றார்.

"இல்ல சித்தப்பா" என்றான் மகன். ஹாலில் இருந்த எல்லாருக்கும் கேட்டது. "அப்பா அன்னிக்கு ஸ்டேட்டுக்கு ஆடினார். ஒரு கார்னர் கிக் எடுத்தார்."